நாலில் ஒன்று

குழந்தையை அவள் மடியில் கிடத்தினார்கள்.

முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

பார்த்துவிட்டாள்.

கண் பெரிதாக இருந்தது. அந்தச் சின்ன முகத்துக்குள் அடங்காத அளவுக்குப் பெரிது.

"அத்தைக்காரி, அப்படி முழுங்குறாப்புல பாக்காதத்தா. உன் கண்ணே பட்டுரும்போல" என்றாள் பெரியம்மா பின்னாலிருந்து.

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி எட்டி, குழந்தையின் கன்னத்தில் இன்னொரு மைப்பொட்டு வைத்தாள்.

அவளும் சிரித்தாள். உதடு மட்டும்.

பெரியகுளத்தில் தம்பி வீடு அது. தம்பி மகனுக்கு மூன்று மாதம். பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிறார்கள். பெயரைக் காதில் மூன்று முறை சொல்ல வேண்டியவள் அத்தை. அதற்காகவே திருப்பூரிலிருந்து வந்திருந்தாள்.

தனியாக.

"செவ்வந்திய வீட்டுல விட்டுட்டு வா. நல்ல காரியம். நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

செவ்வந்தி அவள் மகள். ஐந்து வயது.

அவளுக்கும் கண் இப்படித்தான் இருந்தது. வெளிச்சம் பட்டால் கூசி மூடிக்கொள்வாள். பார்த்தவர்கள் எல்லாம் கொஞ்சினார்கள். கொஞ்சிக் கொஞ்சியே ஒரு வருடம் போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறித்தான் கண் அப்படி வீங்கியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நாலு மாதத்துக்குள் வந்திருந்தால் ஆபரேஷன் செய்து பார்வையைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்றார் மதுரையில் டாக்டரம்மா.

இப்போது செவ்வந்தி சுவரைத் தடவித் தடவி நடக்கிறாள்.

ரத்தம் எடுத்துச் சோதித்த பிறகு டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். அவளுக்கும் அவள் கணவனுக்கும் நடுவில் இரட்டைக் கோடு. மாமன் மகனைக் கட்டியதால் இரட்டைக் கோடு.

இருவர் உடம்பிலும் அதே பழுது ஒளிந்திருக்கிறதாம். அவர்களை ஒன்றும் செய்யாதாம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தால்தான் கண்ணைப் பிடிக்குமாம். நாலில் ஒன்று அப்படி ஆகலாமாம்.

"உங்க தம்பிக்கு யாரம்மா பொண்ணு?" என்று கேட்டார்.

"என் நாத்தனாதான்" என்றாள் அவள்.

அவர்களுடையது பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற குடும்பம். கணவனின் தங்கை சுகந்தியைத்தான் தம்பிக்குப் பேசி முடித்திருந்தார்கள். பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் இருவரையும் ஒருமுறை வரச்சொல்லுங்கள் என்றார் டாக்டரம்மா.

அவள் தாளைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினாள்.

அம்மா அதை நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தப் பேச்ச இதோட விட்ரு" என்றாள்.

விட்டுவிட்டாள். கல்யாணமும் நடந்தது.

நாலில் மூன்று நல்லபடியாகத்தானே இருக்கும் என்று இரண்டு வருடமாகத் தன்னையே தேற்றிக்கொண்டிருந்தாள்.

"இங்க திரும்புங்க அக்கா" என்றார் போட்டோக்காரர்.

விளக்கு எரிந்தது. குழந்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு அவள் மார்புக்குள் முகத்தைப் புதைத்தது.

"மாப்ளைக்கு வெக்கத்தப் பாரேன்" என்றான் தம்பி. மறுபடி சிரிப்பு.

"லைட்டக் கொஞ்சம் அணைங்க" என்றாள் அவள் போட்டோக்காரரிடம்.

அணைத்தார். குழந்தை மெல்லக் கண் திறந்தது. கண்ணோரம் வழிந்துகொண்டிருந்தது. கருவிழியில் ஒரு மங்கல், கண்ணாடியில் மூச்சு பட்டதுபோல.

"இப்பப் போடுங்க."

குழந்தை மறுபடி முகத்தைப் புதைத்தது.

எதிரே அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினாள்.

அவள் குனிந்து, மடியிலிருந்த குழந்தையின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"மாறன்."

தலைமுடியில் வசம்பு மணத்தது.

"மாறன்."

எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. மடியில் பிள்ளை கிடந்தது.

"இன்னொருக்கா சொல்லுத்தா" என்றாள் பெரியம்மா.

பக்கத்தில் பட்டுச்சேலையில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து, குழந்தையின் காதை விட்டுவிட்டு, சுகந்தியின் காதுக்குப் போனாள்.

"வீட்லயும் வெளிச்சத்தக் கண்டா இப்படித்தான் பண்றானா?"

"இதென்ன கூத்து? ஆத்தாளுக்கும் சேத்துப் பேரு வைக்கிறியா?" என்று யாரோ கேட்க, கூடம் குலுங்கியது.

சுகந்தி கையிலிருந்த வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

பிறகு உதடு பிரியாத மாதிரி சொன்னாள்.

"பொறந்ததுலருந்தே, மதினி. அறையில ஜன்னலச் சாத்தியேதான் வச்சிருக்கேன். செவ்வந்தி நெனப்பு வந்துச்சு. யார்ட்டயும் சொல்லப் பயம்."

"நல்ல நேரம் முடியப் போகுதுடி. பேசுனது போதும், தொட்டில்ல போடுங்க" அம்மாவின் குரல் உயர்ந்தது.

சுகந்தி எழுந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கினாள்.

தொட்டில் வரைக்கும் போனாள். பிள்ளையின் கழுத்திலிருந்து ரோஜா மாலையைக் கழற்றித் தொட்டிலுக்குள் வைத்தாள்.

பிள்ளையை வைக்கவில்லை.

முந்தானையை இழுத்து அதன் முகத்தை மூடிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"மதுரைக்கு அடுத்த பஸ்ஸு எப்ப, மதினி?"