உடைந்த முன்பல்

“முன்பல் எப்படி உடைஞ்சது?”

“காலேஜ்ல படிக்கும்போது விழுந்தேன், டாக்டர்.”

“இத்தனை வருஷமா அப்படியேவா விட்டு வெச்சீங்க?”

தாடிக்காரர் சிரித்துக்கொண்டே, ‘அது என்ன?’ என்பதுபோல் சுவரில் தொங்கிய வெள்ளிப் பதக்கத்தைக் காட்டினார். அந்தக் கதையைச் சொல்ல ஆள் கிடைத்தால் பல் டாக்டரம்மாவுக்குக் குஷிதான். அதுவும் வாயைத் திறந்தபடி படுத்திருக்கும் ஆள் என்றால் கேட்கவே வேண்டாம்.

“பொண்ணுங்க ஓட்டப் பந்தயம். நான் ரெண்டாவது. முதல்ல வந்தவளை ஆரம்பத்துல ஓடவே விடமாட்டேன்னாங்க. ஒட்ட வெட்டின முடி, கரகரன்னு குரல். ‘இது பொண்ணே இல்ல’ன்னு ஒரே ரகளை. ‘நீ வாயை மூடிக்கிட்டு இரு, தங்கம் உனக்குத்தான்’னார் எங்க கோச். எனக்கு மனசு கேக்கல. ‘அவ ஓடட்டும், இல்லைன்னா நானும் ஓடல’ன்னு தரையிலயே உக்காந்துட்டேன்.”

“ம்ம்…”

“கடைசியில என்னையே ஜெயிச்சுட்டா, படுபாவி! அதுவும் எல்லைக் கோட்டைத் தாண்டி, முகங்குப்புற விழுந்து, முன்பல்லை…”

டாக்டரின் கை அப்படியே நின்றது. குனிந்து அந்தப் பல்லையே பார்த்தார்.

“நீயா!”

தாடிக்காரர் எழுந்து வாயைக் கொப்பளித்தார். “நான் திருநம்பி, டாக்டர். அன்னைக்கு அதைச் சொல்ல எனக்குத் தெரியல. இன்னைக்கு நன்றி சொல்லத்தான் தேடி வந்தேன்.”

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். “ஐயோ, அன்னைக்கு உன்னைப் பொண்ணுதான் பொண்ணுதான்னு கத்தியிருப்பேனே! மனசு கஷ்டப்பட்டிருக்குமே!”

“இல்ல டாக்டர். பொண்ணா, பையனான்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ‘ஓடட்டும்’னு சொன்னீங்க.”