தரவு இல்லாத கணிப்பு

இந்த நாட்டின் எதிர்காலம் தன் மடிகணினிக்குள் இருப்பதாக ஹட்டன் மண்டபத்தில் அறிவித்தார் புள்ளிவிபரக் கலாநிதி குகநேசன். அந்த எதிர்காலம் திறக்க அடம்பிடித்ததால் தேநீர் இடைவேளையை முன்னதாகவே விட்டார்கள்.

பிறகு திறந்தது. கடந்த வருடங்களின் எண்ணிக்கையைக் கொடுத்தால், இனி எச்.ஐ.வி. தொற்றுள்ள பெரியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அது சொல்லும்.

"தரவு இல்லையெண்டால் கணிப்பும் இல்லை, பாருங்கோ!" என்று எல்லா எண்களையும் அழித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினார். திரையில் 1 என்று வந்தது.

மறுபடி அழித்து அழுத்தினார். மறுபடியும் 1.

பக்கத்து அறையில் எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை முகாம் நடந்தது. அங்கிருந்து தாதி ஜெயந்தினி எட்டிப் பார்த்தாள்.

"சார், தோட்டத்து லயத்து ஆளுங்க எல்லாம் ரத்தம் குடுத்துட்டாங்க. நீங்க மட்டுந்தாங்க பாக்கி."

"எனக்கென்னத்துக்குப் பிள்ளை? நான் கணக்குப் பாக்கிற ஆள்."

"ஊசின்னா பயமாங்க சார்?"

மண்டபம் சிரித்தது. பல வருடங்களாக அவர் பயந்து தள்ளிப்போட்டு வரும் பரிசோதனை அது. சட்டைக் கையை மடித்தார், இறக்கினார். கணினியை அணைத்தார். அணைத்த பிறகும் திரையில் 1 அப்படியே நின்றது.

கழிவறைக்குப் போய்வருவதாகச் சொன்ன கலாநிதி, மடிகணினியையும் விட்டுவிட்டுத் தலவாக்கலை பஸ்ஸில் ஏறிப் போயிருந்தார்.