அண்ணன் பக்கத்து நாற்காலி

ஹாமில்டன் நகரத்து வக்கீல் அலுவலகத்தில் மழைநாளின் மங்கல் வெளிச்சம். கிரேம் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கிறான். ஐம்பதைத் தொட்டும் குழந்தை மனம் மாறாத தம்பி நெவிலுக்காக அப்பா டிரஸ்ட்டில் எழுதிவைத்த வீட்டை, பொறுப்பாளனான அவன்தான் விற்றுவிட்டான். எதிரே நெவிலின் வக்கீல் மொய்ரா வழக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். கதவு திறக்கிறது. கோணலாகக் கட்டிய டையும் நனைந்த தலையுமாக நெவில் வருகிறான். அண்ணனைக் கண்டதும் முகம் மலர்கிறது. “அண்ணே, நீயும் வந்துட்டியா! யாரோ நம்ம வீட்ட வித்துட்டாங்களாம். இந்த வக்கீல் அக்கா கேஸ் போட்டிருக்காங்க. பயந்துட்டே இருந்தேன், இனிமே பயமில்ல.” “நெவில், உன் நாற்காலி இந்தப் பக்கம்ப்பா” என்கிறாள் மொய்ரா மெதுவாக. “இல்லக்கா, நான் அண்ணன்கிட்டயே உக்காந்துக்கிறேன்.” மேசைக்கடியில் அவன் ஈரக் கை கிரேமின் கையைப் பற்றுகிறது. காது மடல் எரிய, கிரேம் கையை உருவிக்கொள்ளப் பார்க்கிறான். நெவில் விடவில்லை.