பறிமுதல் சரக்கு

தம்பி சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை மூடினான்.

"அடுப்பு பத்த வைக்க வச்சுக்கோக்கா. நான் விட்டுட்டேன்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எத்தனை வருஷத்துச் சண்டை. அவன் குளிக்கப் போகும் நேரம் பார்த்து, ஆணியில் தொங்கும் சட்டையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை உருவுவாள். பரண்மேல் இருக்கும் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். அவன் வீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வருவான்.

அந்த டப்பாவுக்குப் 'பறிமுதல் சரக்கு' என்று பெயர் வைத்தது அவள் கணவர். அவருக்கு வரித்துறையில் வேலை. அதிலும் புகையிலைப் பிரிவு.

மச்சினன் புகைக்க எழுந்தால், மாப்பிள்ளை வரி கட்டக் கிளம்பிட்டார் என்பார் அவர். நாளடைவில் அதுவே வீட்டுப் பேச்சாகிவிட்டது. சாப்பிட்டுக் கை கழுவியதும், வரி கட்டிட்டு வர்றேன்க்கா என்று தம்பியே சொல்லிவிட்டுப் போவான். அவள் முறைப்பாள்.

பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்ததிலிருந்து கணவரின் அலுவலகம் இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. வசூல் படுத்துவிட்டதாம். டீக்கடை வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஊதித் தள்ளியவர்களெல்லாம் எங்கே போனார்கள் என்று மேலிடம் இவரைக் கேட்கிறதாம்.

இப்போது மச்சினனும் விட்டுவிட்டான் என்றதும், அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கஜானாவின் கடைசித் தூணும் சாய்ந்ததே என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மூவரும் சிரித்தார்கள்.

அக்கா ஓடிப்போய் ஒரு கரண்டி சர்க்கரை எடுத்துவந்து தம்பியின் வாயில் போட்டாள். நான் சொல்லிக் கேட்காதவன் யார் சொல்லிக் கேட்டாய் என்று அவன் காதைத் திருகினாள்.

காது சிவந்தது, திருகியதால் மட்டும் அல்ல.

சட்டம் வந்த கையோடு, புகையை விட நினைப்பவர்களுக்காக அரசாங்கம் ஒரு ஆலோசனை மையம் திறந்திருந்தது. அங்கே ஆலோசனை சொல்லும் பெண்தான். நீங்கள் இதை விட்டால் உங்களைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவள் சொல்லியிருந்தாள்.

கணவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். இத்தனை நாள் முறைக்குத்தான் மாப்பிள்ளை, இனி நிஜ மாப்பிள்ளை. அரசாங்கத்துக்கு வரியும் போய், பெண்ணுக்குச் சம்பளமும் போய், இரட்டை நஷ்டம் என்றார்.

தம்பி சிரிக்கவில்லை. அவன் கை தன்னால் சட்டைப் பைக்குப் போய், வெறும் துணியைத் தடவிவிட்டுத் திரும்பியது.

"அவ தனிக்குடித்தனம்தான் வேணும்கிறாக்கா. அவசரம் ஒண்ணுமில்ல... பாப்பா பரீட்சை முடியட்டும். அதுக்குள்ள மாமா ஒரு வீடு பார்த்துட்டா..."

மாமா செய்தித்தாளை எடுத்து மறுபடி விரித்துக்கொண்டார்.

வீடு தம்பியின் பெயரில் இருந்தது. அப்பா மகளுக்கு நகையும் மகனுக்கு வீடும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நகை, கணவரின் அண்ணன் தொடங்கிய தொழிலில் கரைந்தது. வீடு கரையவில்லை. தனிக்கட்டைக்கு யார் சமைத்துப் போடுவார்கள் என்று கணவரோடும் மகளோடும் வந்தவள், வந்தவள்தான். இந்தச் சமையலறையில் விளக்கு இல்லாவிட்டாலும் எந்த டப்பா எங்கே என்று அவள் கைக்குத் தெரியும்.

அதுதானே முறை என்றாள் அக்கா. குரல் நன்றாகவே இருந்தது.

உள்ளே போனாள். முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து தகர டப்பாவை இறக்கினாள். அடியில் கிடந்தவை நமுத்துப் போயிருந்தன. மேலாகக் கிடந்த பாக்கெட்டை எடுத்தாள். கழுவிக் கவிழ்த்திருந்த சாம்பல் கிண்ணத்தை முந்தானையால் துடைத்தாள்.

இரண்டையும் கொண்டுவந்து தம்பியின் முன்னால் வைத்தாள். பக்கத்தில் லைட்டரை வைத்தாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

விரல் நடுங்குவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது என்றாள். ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு ஏற்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றாள். அந்தப் பெண்ணிடம் யார் போய்ச் சொல்லப் போகிறார்கள் என்றாள்.

அவன் பாக்கெட்டைக் கையில் எடுத்தான். கொடுப்பது அக்கா. காய்ச்சலில் கஞ்சி ஊட்டிய கை.

கணவர் செய்தித்தாளைச் சற்றுத் தாழ்த்தி மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு உயர்த்திக்கொண்டார்.

"போடா. வரி கட்டிட்டு வா," என்று அவள் தம்பியின் தலையைக் கோதிவிட்டாள்.

அவன் பால்கனிக்குப் போனான். லைட்டர் முதல் அழுத்திலேயே பற்றிக்கொண்டது.

அக்கா அலமாரியிலிருந்து அவனுடைய மாத்திரைகளை எடுத்தாள். தினமும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். இன்றும் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மாத்திரையைப் பக்கத்தில் வைத்தாள்.

போன வருஷம் அவன் மார்பைப் பிடித்துக்கொண்டு சுருண்ட அன்று, மருத்துவர் அவளை மட்டும் அறைக்குள் அழைத்து இதயத்தின் படத்தைக் காட்டினார். இனியும் புகைத்தால் அதிக நாள் தாங்காது என்றார்.

வெளியே பெஞ்சில் தம்பி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான். பயந்துவிடுவானே என்று, அவன் கன்னத்தைத் தட்டி அவள் ஒன்று சொன்னாள். அதைத்தான் அவன் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

"ஒண்ணுமில்லடா. வெறும் வாயுவாம்."