காடைக்கு எதற்கு முள்ளுக்கரண்டி?

1986. சுவிஸ் நாட்டுப் பாடன் நகரின் நானூறு வருடக் கல் மண்டபமொன்றில் இயங்கிய இத்தாலிய உணவகத்துக்கு, குகநாதனையும் மனைவி ஜெயமலரையும் அழைத்திருந்தார் தொழிற்சாலை மேலாளர் வெபர். குகநாதனின் வேலை நிரந்தரமாவது அவர் கையில்தான் இருந்தது.

"இது வட இத்தாலிய மலைக் கிராமத்துச் சமையல். முறையாகச் சாப்பிட ஒரு பண்பாடு வேண்டும்," என்ற வெபர், முள்ளுக்கரண்டி பிடிப்பதை இரண்டு தரம் செய்து காட்டினார்.

சோளக்களியும் வெண்ணெயில் பொரித்த காடையும் வந்தன. ஜெயமலரின் முள்ளுக்கு அகப்படாமல் காடை தட்டைச் சுற்றி ஓடியது. அவள் முள்ளை வைத்துவிட்டுக் கையால் பிய்த்தாள்.

"என்னப்பா செய்யிறீர்? மனுசன் பாக்கிறான். வேலை போகப்போகுது," என்றார் குகநாதன் தமிழில்.

"போனால் போகட்டும். குருவியோடை சண்டை பிடிக்கவோ நான் சீலை உடுத்துக்கொண்டு வந்தனான்?"

வெபர் உணவக உரிமையாளரான இத்தாலியக் கிழவியை அழைத்தார். "மன்னியுங்கள், சிஞ்ஞோரா. இவர்கள் ஐரோப்பாவுக்குப் புதியவர்கள்."

கிழவி ஜெயமலரின் தட்டைப் பார்த்தாள்.

"எங்கள் ஊரில் காடையைக் கையால்தான் சாப்பிடுவோம். சுவிஸ்காரருக்குத் தெரியாதே என்றுதான் முள்ளு வைக்கிறேன்," என்றவள், வெபரின் முள்ளையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெபர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் காடையில் கை வைத்தார். வெண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது.

"விரல் நுனியாலை எடுக்கச் சொல்லுங்கோப்பா," என்றாள் ஜெயமலர். "உள்ளங்கையெல்லாம் பூசிக்கொண்டு, பாக்கச் சகிக்கேல்லை."

குகநாதன் வேலையை நினைத்தார். பிறகு ஒரு சொல்லும் விடாமல் வெபரின் டொச் மொழியில் மொழிபெயர்த்தார்.