பஞ்சுத் தூசி

"நம்ம குழந்தை போயி ஒரு மாசங்கூட ஆகல. ஒரு சொட்டுக் கண்ணீர் வந்துச்சுங்களா மாமா உங்களுக்கு?" பெட்டியில் சேலைகளைத் திணித்துக்கொண்டே கேட்டாள் மதுமதி.

அருள்செல்வன் செல்போனிலிருந்து நிமிர்ந்தான். "அந்தக் காலத்துல ஸ்டோயிக்னு கிரேக்க ஞானிங்க இருந்தாங்க மது. எது போனாலும் அழமாட்டாங்களாமா. ரீல்ஸ்ல பாரு."

"நீங்களே பாருங்க. நான் பொழுதோட கணியூர்ல எங்கம்மா ஊட்டுக்குப் போறனுங்க."

அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு நிட்டிங் கம்பெனிக்குக் கிளம்பினான். சாயங்காலமானால் சிவந்த கண்ணோடு வருவான். கேட்டால், "பஞ்சுத் தூசி" என்பான். தூசிக்குக் கலங்குகிற கண் பிள்ளைக்குக் கலங்கவில்லையே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மத்தியானம் கம்பெனி சூப்பர்வைசர் கூப்பிட்டார். "செல்வன் போனை எடுக்கலீங்கம்மா. நூல் வந்திருச்சு, நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க. ஒரு வாரமா மெஷினே ஓடாம எல்லாரும் ஊட்லயே கெடக்கறாங்க, பாவம்."

சாயங்காலம் அவன் வந்தபோது பெட்டி பரணுக்குப் போயிருந்தது. கண்கள் அன்றும் சிவந்திருந்தன.

"தூசி..." என்று ஆரம்பித்தான்.

"ரீல்ஸை விட்டுட்டு முழுசாத் தேடிப் படிச்சனுங்க மாமா. தானா வர்ற அழுகைய உங்க ஞானிங்களும் தப்புன்னு சொல்லலியாமா." அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "பஞ்சு நாளைக்குத்தானுங்க பறக்கும். இன்னிக்கு ரெண்டு பேரும் சேந்தே அழுதுக்கலாம்."