ஹால் கேட்ட குரல்

"அவன் கேட்டான், சொன்னேன்டி!"

"கேட்டது அவனில்லைம்மா, மிஷின்!"

"பீபர்க் குரல் எனக்குத் தெரியாதா? பெத்தவ நான்!"

"அந்தக் குரலைத்தானே பட்டாளம் திருடிப் பேச வைக்குது! போன மாசம் அடுத்த வீட்டுக்கும் இப்படித்தானே வந்துச்சு?"

மாகாதூன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். மகன் பலூச்சிப் பிரிவினைப் படையோடு கேச் மலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்று காலை போனில், "அம்மா, ஹால் சொல்லு" என்றது குரல். பலூச்சி வீட்டில் ஒருவர் ஹால், அதாவது வீட்டுச் சேதி, கேட்டுவிட்டால், யார் வந்தார், யார் போனார், எந்த ஆடு குட்டி போட்டது என்று ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் முகத்தில் அடித்த மாதிரி. அவளும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"மருந்தையுமா சொன்னே?" என்றாள் மகள் பானடி.

"அவன் கால் புண்ணுக்குத்தானே அது! வழக்கம்போல சுனைப் பாறைக்கு அடியில இருக்கு, மத்தியானம் வந்து எடுத்துக்கோன்னேன்."

"போச்சு. நிஜமாவே அவன் மருந்தெடுக்க வர்றப்போ அங்கே பட்டாளம்தான் உட்கார்ந்திருக்கும்."

"என் நாக்கு அழுகிப் போக!" மாகாதூன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போது போன் அடித்தது. எடுக்கப் போன அம்மாவின் வாயைப் பானடி பொத்தினாள்.

"பேசாதே. காலையில பேசினதோட இன்னும் நாலு வார்த்தை கிடைச்சா உன் குரலும் முழுசா அதுக்கு வந்துடும். அப்புறம் நீ கூப்பிடற மாதிரியே அவனைக் கூப்பிடும்."

அதற்குள் அம்மாவின் விரல் பட்டு போன் இணைந்துவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, சுனைக்கு மேலே நிக்கிறேன். கீழே புதுசா டயர் தடம் தெரியுது. இறங்கட்டுமா, வேண்டாமா?"